சுவிட்சைத் தொடும் முன்

இடது கையில் மைக். வலது கைக் கட்டைவிரல் பொத்தான் மேல்.

பொத்தானுக்குச் சந்தனப் பொட்டு வைத்து ரிப்பன் கட்டியிருந்தார்கள். பேருந்து நிலையத்தின் நடுவே புதிய உயர்கோபுர விளக்கு நின்றது. பக்கத்தில் கட்சியின் மாவட்டச் செயலாளர். எதிரே வேன் வைத்து அழைத்து வந்த கூட்டம்.

அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

நகராட்சித் தலைவர் ஆகும் முன் அவர் வயர்மேன். அவரும் சவரிமுத்துவும் கூட்டாளிகள். ஒருவன் கம்பத்தின் மேலே, ஒருவன் கீழே பியூஸ் கட்டையோடு. கீழே நிற்பவன், இறங்கியாச்சா என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மேலே போனவன் இறங்கிய பிறகுதான் கட்டையைச் சொருகி மின்சாரம் விட வேண்டும். அந்தத் தொழிலுக்கு அதுதான் வேதம்.

ஒரு கோயில் கொடைத் திருவிழாவன்று, அவசரத்தில், அவர் கேட்கவில்லை. கட்டையைச் சொருகிவிட்டார்; சவரி மேலே இருந்தான்.

குடித்துவிட்டு ஏறினான் என்று போலீசில் சொன்னார். செத்தவன் எழுந்து வந்து சாட்சி சொல்லவா போகிறான். சவப்பெட்டிக்கு முதல் தோள் கொடுத்ததும் அவர்தான். அந்தத் தோளைப் பார்த்துத்தான் ஊர் அவருக்கு முதல் ஓட்டைப் போட்டது.

சவரியின் மனைவி பிலோமி அவரிடம் காசு கேட்டதில்லை. குடிகாரன் பெண்டாட்டி என்ற பேச்சைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவன் குடிக்கவில்லை என்று ஊரறிய ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே பத்தொன்பது வருடத்தை ஓட்டிவிட்டார்.

மனசு சும்மா விடுமா. அன்றிலிருந்து எந்தச் சுவிட்சைத் தொட்டாலும் அந்தக் கேள்வியை அவர் கேட்டாக வேண்டும். வீட்டு மின்விசிறிக்கும் கேட்பார், குளியலறை விளக்குக்கும் கேட்பார். வாய்க்குள்தான். கட்டியவளுக்குக்கூடத் தெரியாது.

இன்று வாயருகே மைக் இருந்தது.

"சவரி, எறங்கிட்டியாலே?"

நான்கு ஒலிபெருக்கிகளிலும் அது கேட்டது.

கூட்டம் திருதிருவென விழித்தது. பழைய ஆட்கள் இரண்டு பேர் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பெண்கள் வரிசையில் பிலோமி எழுந்தாள். வயிறெரிந்தவள் இவ்வளவு மெதுவாகப் பேசுவாள் என்று அவர் நினைத்ததில்லை.

"இல்லண்ணாச்சி. இன்னும் எறங்கல."

கையில் மைக் இருக்கிறது. ஊரே எதிரில் இருக்கிறது. சொல்லிவிட்டால் காரும் நாற்காலியும் இன்றோடு போகும். போனால் போகட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது.

மாவட்டச் செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவர் மைக்கைத் தாழ்த்தினார்.

அழுத்தினார்.

பேருந்து நிலையம் பட்டப்பகலானது. கைதட்டல் ஓய வெகுநேரம் பிடித்தது. எல்லாரும் உட்கார்ந்த பிறகும் பிலோமி நின்றுகொண்டிருந்தாள்.

அவரை அவள் பார்க்கவே இல்லை. கண் கூசக் கூச, கம்பத்தின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.