பொறி வராத வண்டி

"மூணு வாரமா ஞாயித்துக்கிழமைன்னா மக்கர் பண்ணுது தம்பி. கல்யாணமான புதுசுல வாங்கின பைக். இவர் பின்னாடி உட்கார்ந்து ஒரு சுத்து போயிட்டு வந்தாத்தான் எனக்கு அந்த வாரமே ஓடும்" என்றார் அந்த அம்மா, வீட்டுக்கு வந்த மெக்கானிக்கிடம். கணவர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்.

மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, இன்ஜின்மேல் வைத்து, கிக்கரை உதைத்துப் பார்த்தார். பொறி வரவில்லை. பேட்டரி, காயில் எதிலும் குறையில்லை. கடைசியில், பொறிக்கு மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும் பாயின்ட்டின் மூடியைத் திறந்தவர் திகைத்துப்போனார். ஒன்றையொன்று தொடவேண்டிய இரண்டு முனைகளுக்கு நடுவே, கத்தரித்த பிளாஸ்டிக் துண்டு ஒன்று செருகியிருந்தது.

அந்த அம்மா டீ போட உள்ளே போனதும் மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார்.

"சார், யாரோ வேணும்னே செஞ்சிருக்காங்க. உங்களுக்கு ஆகாதவங்க யாராவது..."

"நான்தான்."

"நீங்களா?"

"கண்ணு மங்கிடுச்சுப்பா. எதிர்ல வர்ற வண்டி கிட்ட வந்தாத்தான் தெரியுது. அவளை உட்கார வெச்சு எப்படி ஓட்டுவேன்? சொன்னா ஒடிஞ்சு போயிடுவா. இதை ரிப்பேர் பண்ணவே முடியாதுன்னு சொல்லிடுப்பா."

"பொய் எனக்கு வராது சார். நீங்களே சொல்லிடுங்க."

டீயோடு வந்த மனைவியிடம் அவர் தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா கணவரின் கண்களை உற்றுப் பார்த்தார். பிறகு கூந்தலை இறுக்கி முடிந்துகொண்டு, வண்டியின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"நாளைக்கு முதல் வேலையா கண் டாக்டர். இப்ப கியர் எதுன்னு காட்டுங்க தம்பி. இனிமே இவர் பின்னாடி உட்காரட்டும்."