மூன்றாவது ஆசை

என் மாமனார் மருதாசலத்தின் வாயில் பங்காளிகள் வயல் மண்ணைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தால் ஏதோ ஆசை உள்ளே நிற்கிறது என்று அர்த்தமாம். மண்ணாசைக்கு இது. பொன்னாசைக்கு என் தாலிக்கொடியைக் கல்லில் உரைத்த தண்ணீர். எல்லாம் கடைவாயில் வழிந்து தலையணை ஊறி நாறியது.

"பொண்ணாசையக் கரைச்சு ஊத்த வழியில்லீங்களே" என்று ஒரு கிழம் இளித்தது. அந்த ஆளைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. சனிப்பிணம் துணை தேடும். விடிவதற்குள் அவர் போய்விட வேண்டும் என்று எல்லோரும் பறந்தார்கள். அவர் படும் பாடு தாளாமல் நானும் அதைத்தான் வேண்டினேன்.

அப்போதுதான் அங்காளம்மாள் உள்ளே வந்தாள். மலேயா ரப்பர் தோட்டத்தில் பிறந்து கிழவியாகி, போன மாதம் எங்கள் ஊர் மோகனூருக்கு வந்து சேர்ந்தவள். மாமனாரும் வாலிபத்தில் அதே தோட்டத்தில் இருந்தவர். ஆனாலும் பார்க்க வந்தவளை வாசலோடு விரட்டிவிட்டார்.

இன்று விரட்ட அவருக்குத் தெம்பில்லை.

அவள் மடியிலிருந்து ஒரு புட்டியை எடுத்துத் திறந்தாள். உள்ளே வண்டி மசகு மாதிரி கன்னங்கரேலென்று என்னவோ. இறால் தலைகளைக் காய்ச்சி வற்றவைத்ததாம். வீச்சம் மூக்கைத் துளைத்தது.

"ஜாவாக்காரங்க பண்டமுங்க. எங்களாட்டமே கப்பல்ல ஏத்தியாந்து தோட்டத்துல உட்ட சனம்" என்றாள்.

மூக்கைப் பொத்திக்கொண்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். பெற்ற பிள்ளை கடித்த பழத்தைக்கூடத் தொடாதவர். அதட்டித் துரத்துவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து புட்டியை முகர்ந்தார்.

அங்காளம்மாள் கரண்டியில் தொட்டு மாமனாரின் நாக்கில் வைத்தாள்.

மண்ணையும் பொன்னையும் துப்பிய நாக்கு அதைச் சப்பியது. சத்தம் வரச் சப்பியது. கறுத்த எச்சில் தாடியில் இறங்கியது.

சப்பி முடித்ததும் மூச்சு நின்றுவிட்டது.

பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கினார்கள். என் வீட்டுக்காரர் கரண்டியை வாங்கினார். கழுவப் போகிறார் என்றிருந்தேன். அப்பனின் எச்சிலோடு அதை நக்கினார். கண்ணை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை போல.

"ஆரு காச்சுனதுங்க இது?"

"உங்க ஆத்தாதானுங்க, சாமி. நான் கப்பலேறறப்பக் குடுத்துவுட்டாங்க."

என் வீட்டுக்காரரின் ஆத்தா நம்ம சனம், மீன் வாடையே ஆகாதவள், சின்னப் பிள்ளையாய் இருந்த இவரோடு ஊர் திரும்பும்போது கப்பலில் காய்ச்சல் கண்டு போய்விட்டாள் என்று மாமனார் சொல்லியிருந்தார். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து வருசா வருசம் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, பொங்கல் வைத்து அவளுக்குப் படைத்துவருவது நான்தான்.

மாமனாரின் வாயைத் துடைத்துவிடச் சொல்லி என் கையில் ஈரத்துணியைக் கொடுத்தார்கள்.

நான் துடைக்கவில்லை.