பால் காய்ச்சும் நேரம்

புதிதாகக் கட்டும் வீடுகளில் எரிவாயு கூடாது என்பது அந்த ஊரின் விதி. குடிபுகுந்த காலையில் சௌந்தரவல்லி பித்தளைப் பாத்திரத்தில் பாலை ஊற்றி இண்டக்‌ஷன் மின்னடுப்பில் வைத்தாள். அடுப்பு பித்தளையை ஏற்காமல் கீச்சிட்டு அணைந்தது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அந்த வீட்டுப் பரீதா அடுப்புக்கு ஏற்ற எவர்சில்வர் பாத்திரத்தோடு வந்து, தானே பாலை மாற்றி வைத்தாள்.

“சொந்தக்காரங்க யாரும் வரலையாக்கா?”

“வந்துகிட்டே இருக்காங்க.”

பால் விளிம்புவரை எழுந்தது. பரீதா சட்டென்று சூட்டைக் குறைத்தாள். “அவங்களும் வந்து பாக்கட்டும்க்கா. அதுக்குள்ள பொங்கிடப் போகுது.”

பால் அடங்கியது. வாசலில் பரீதாவின் செருப்பு மட்டும் கிடந்தது.

“சூட்டைக் கூட்டி வைம்மா,” என்றாள் சௌந்தரவல்லி. “வர வேண்டியவங்க வந்தாச்சு.”