கால்விரலில் நரம்பு

வாதத்தில் வலக்கை மரத்துப்போன கஸ்பாருக்கு இனி கடல் இல்லை என்று ஊரே முடிவுகட்டிய மூன்றாம் மாதம், அவர் வள்ளத்தில் உட்கார்ந்து, உயிருள்ள சாளை மீனை இரையாகக் கோத்த தூண்டில் நரம்பைக் கால் பெருவிரலிடுக்கில் பிடித்திருந்தார். துடுப்பு மனைவி கித்தேரியிடம்.

"என்ன மச்சான், கால்ல கயித்தப் புடிச்சிட்டு மாடா மேய்க்கிறீரு?" என்று பக்கத்து வள்ளத்திலிருந்து அவள் தம்பி சிரித்தான்.

நரம்பு வெடுக்கென்று ஓடியது.

"இழுங்க!" என்றாள் கித்தேரி.

"பொறுடி, இன்னும் முழுங்கல."

முதல் ஓட்டத்தை விட்டுக்கொடுத்தார். இரண்டாம் ஓட்டத்தில் காலை உதைத்துத் தூண்டில் முள்ளை மீன் வாயில் மாட்டினார். இருவருமாக மூன்று கையால் ஏற்றிய சீலா மீன் அவள் இடுப்புயரம் இருந்தது. தம்பி சிரிப்பை நிறுத்தியிருந்தான்.

கரையில் அவள் செருப்பை நீட்டினாள். கஸ்பார் வாங்கவில்லை. நரம்பு அறுத்த விரல் உப்புமணலில் எரிய எரிய, மீன் ஏலக்கூட்டத்தின் கண்ணில் படும்படி அதைச் சுற்றிக்கொண்டு, நீண்ட வழியாகவே வீட்டுக்கு நடந்தார்.