புழுக்கள் விலகிய பக்கம்

அவளுக்கு மண் ஆய்வுக்கூடத்தில் வேலை. அவள் கணவனுக்குப் பழைய கம்ப்யூட்டர்களை உடைக்கும் பட்டறையில் வேலை. அந்தக் கம்ப்யூட்டர்களின் பிளாஸ்டிக் தீப்பிடிக்காமலிருக்கக் கலக்கும் ரசாயனமும் அவற்றிலுள்ள ஈயமும் மண்புழுவை என்ன செய்யும் என்று அவள் சோதித்துக்கொண்டிருந்தாள். ஒன்றை மட்டும் கலந்த மண்ணைப் புழுக்கள் பொருட்படுத்தவில்லை. இன்று கண்ணாடிப் பெட்டியின் இடது பாதியில் இரண்டையும் கலந்து நிரப்பினாள். புழுக்கள் எல்லாம் வலது பாதியின் நல்ல மண்ணுக்கு ஓடிவிட்டன.

மாலையில் பட்டறையிலிருந்து நேராக ஆய்வுக்கூடத்துக்கு வந்த கணவன் பெட்டியின் வலது பக்கம் நின்று குனிந்து பார்த்தான். புழுக்கள் நகர்ந்து நச்சு மண்ணுக்குள் புகுந்தன.

"என்ன, இதுங்களுக்கும் என்னைப் பிடிக்கலையா?" என்று சிரித்தான்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க."

அவன் இடது பக்கம் வந்தான். புழுக்கள் வலது பக்கம் திரும்பின. அவன் கைகளை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மறுபடி அங்கேயே வந்து நின்றான். அவை இன்னும் தள்ளிப் போயின. இப்போது அவன் சிரிக்கவில்லை.

"நாளைக்கு வேலைக்குப் போகாதீங்க."

"போகாம?"

அவள் பதில் சொல்வதற்குள், பள்ளி விட்டு வந்து ஆய்வுக்கூட வராந்தாவில் விளையாடிக்கொண்டிருந்த மகள் "அப்பா!" என்று ஓடிவந்தாள். தினமும் பட்டறையிலிருந்து வந்ததும் அவளைத் தூக்கிக்கொள்பவன், இன்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அங்கேயே நில்லுடா கண்ணு."

குழந்தை பெட்டியின் வலது பக்கத்தில் நின்றுவிட்டாள். புழுக்கள் அங்கிருந்தும் மெல்ல விலகி, இரண்டு மண்ணும் சந்திக்கும் நடுக்கோட்டில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தன.