கரடிக்குள் ஒரு அப்பா

“விடாதீங்கடா! காலைப் பிடிங்க, காலை!”

பிள்ளைகள் கரடியைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். ஒருவன் வாலில் தொங்கினான். ஒருத்தி குழாயைத் திருப்பி அதன் வாய்க்குள்ளேயே தண்ணீர் அடித்தாள். கரடி இரண்டு கைகளையும் தூக்கிச் சரணடைந்தது. யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

கரடிக்குள் இருந்தவர் ஒரு லிப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவர் பிழைப்பு. போன வருடம் மகளின் பிறந்தநாளன்று அப்படி யாரையோ எடுக்கப் போய்த் திரும்பி வந்தபோது, கேக் வைத்த அட்டை மட்டும்தான் மிச்சமிருந்தது. மகள் ஒரு வாரம் அவரை ‘அங்கிள்’ என்று கூப்பிட்டாள்.

இந்த வருடம் விடுவதாக இல்லை. பூங்காவில் நிழலுக்கு வாடகை கிடையாது என்பதால், வெயில் காலம் வந்தால் அங்கே ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு பிறந்தநாள் நடக்கும். கொஞ்சம் பலூன், ஒரு தண்ணீர்த் தொட்டி, “நனையத்தானே போறீங்க, பழைய துணியிலேயே வாங்க” என்று ஓர் அழைப்பு. முடிந்தது விழா. ஆடம்பரம் என்று பார்த்தால் வாடகைக் கரடி ஒன்றுதான். அதிலும் ஆளோடு சேர்த்து எடுத்தால் ஒரு விலை, தோல் மட்டும் என்றால் பாதி. மெக்கானிக் தோலை மட்டும் எடுத்தார்.

திட்டம் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். அப்பா டூட்டியில் இருக்கிறார், வந்துவிடுவார் என்று மகளிடம் சொல்லியாயிற்று. கரடி வரும், ஆடும். கேக் வெட்டும் நேரத்தில் தலையைக் கழற்றும். உள்ளே அப்பா!

பூங்காக் கழிப்பறையில் தோலை மாட்டிக்கொண்டு வெளியே காலை வைத்ததும், ஒரு பிள்ளைப் படை வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. கரடியின் வாயில் இருந்த வலை வழியாகத்தான் பார்க்க வேண்டும். அது கீழ்நோக்கி இருந்ததால் உலகம் முழங்காலோடு முடிந்துபோயிருந்தது. பஞ்சு அடைத்த தலைக்குள் எல்லாருடைய குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரே மாதிரி கேட்டது.

“கரடி வரும்னு இந்த மனுஷன் என்கிட்ட மூச்சே விடலையே!” என்று ஒரு பெண் குரல் அதிசயப்பட்டது.

‘என்னமா நடிக்கிறா!’ என்று மெக்கானிக் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டார். அப்போதுதான் அந்தக் காலும் கண்ணில் பட்டது. புதுச் செருப்பு. சிக்கனமாகச் செய்யணும் என்று தீர்மானம் போட்டவளே அவள்தானே? சரி, வீட்டுக்குப் போய் விசாரித்துக்கொள்ளலாம்.

ஆடினார். குட்டிக்கரணம்கூட ஒன்று போட்டார். தண்ணீர் குடித்த தோல் கனத்துக்கொண்டே போனது. வெளியே பிள்ளைகள் நனைந்தார்கள், உள்ளே மெக்கானிக் வெந்தார்.

“போதும் போதும், கேக் வெட்டலாம் வா” என்றது அதே குரல்.

“அப்பா வந்தாத்தான் வெட்டுவேன்.”

“வந்துடுவாருடா செல்லம். வந்துக்கிட்டே இருக்காராம்.”

“எப்பவும் இப்படித்தான் சொல்லுவாரு! வரவே மாட்டாரு!” துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டிருந்த ஒரு சின்ன உருவம் ஓடிவந்து கரடியின் வயிற்றில் முகத்தைப் புதைத்து அழுதது. “கரடி மாமா, நீயாவது எங்கப்பாவைக் கூட்டிட்டு வர்றியா?”

மெக்கானிக்கால் கேக் வெட்டும்வரை பொறுக்க முடியவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய் ஜிப்பை இழுத்தார். கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. இரண்டு மாடிக்கு நடுவில் நின்ற லிப்டேதான். “பதறாதீங்க, காத்து வரும்” என்று எத்தனையோ பேருக்குக் கதவுக்கு வெளியே நின்று சொல்லியிருக்கிறார். காற்று வரவில்லை.

“நான்தான்டா கண்ணு அப்பா!” என்று கத்தினார்.

பஞ்சைத் தாண்டி வெளியே போனது உறுமல் மட்டும்தான்.

“ஐயோ, கரடிக்குக் கோபம் வந்துடுச்சு! அடிங்கடா!” என்று எல்லோரும் சேர்ந்து தண்ணீர் அடித்தார்கள்.

மெக்கானிக் மண்டி போட்டார். முதுகைக் காட்டினார், ஜிப்பைக் காட்டினார். மூச்சு முட்டுவதுபோல் நடித்துக் காட்டினார். பாதிக்கு மேல் நடிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

“சூப்பரா பண்றாருல்ல?” என்று கைதட்டினார்கள்.

முதலில் பதறியது புதுச் செருப்புதான். “ஏய், நிஜமாவே மாட்டிக்கிட்டாரு போலிருக்கு! அந்தக் கேக் கத்தியை எடுங்க!”

ஆக, அன்றைக்கு முதலில் வெட்டப்பட்டது கரடி. கழுத்திலிருந்து இடுப்பு வரை கிழிந்து, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. வேர்வையும் தண்ணீருமாக வெளியே வந்த மெக்கானிக், கண்ணைக்கூடத் துடைக்காமல் அந்தத் துண்டுப் பொட்டலத்தை வாரித் தூக்கிக்கொண்டார்.

“அப்பா வந்துட்டேன் பாத்தியா! இந்த வருஷம் சொன்னபடி வந்துட்டேன்! இனிமே அழக் கூடாது, சரியா?”

குழாய் வைத்திருந்தவள் அதைக் கீழே போட்டாள். குழாய்த் தண்ணீர் மட்டும் யாரும் பிடிக்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

துண்டை விலக்கிக்கொண்டு அந்தச் சிறுமி அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். பிறகு புதுச் செருப்பின் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, இது யாரோட அப்பா?”