நான்காவது விடை

சந்தையை ஒட்டிய அகோஃபாவின் சடை பின்னும் கடையில், தலைமேல் கவிழ்க்கும் பெரிய ஹேர் டிரையருக்குள் தலையைக் கொடுத்துவிட்டு மாவுலி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

கானாவின் ஹோ நகரத்தில் கரண்ட் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஓடாத டிரையருக்குள் தலையை விட்டால் சந்தை இரைச்சல் பாதியாகக் குறைகிறது, தேர்வு அறைக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்பது அவனுடைய கண்டுபிடிப்பு. ஒட்ட வெட்டிய அந்த மண்டைக்கு என்ன அலங்காரம் நடக்கிறது என்று இரண்டு பெண்கள் உள்ளே வந்து குனிந்து பார்த்துவிட்டே போனார்கள்.

வியாழக்கிழமை அக்ராவில் தேர்வு. கணக்கில் நூற்று எழுபதுக்கு நூற்று அறுபத்தைந்து எடுத்தால், அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் அவனைச் செலவில்லாமல் மேல்படிப்புப் படிக்க வைக்கும். இரண்டு வருடம். எடுக்காவிட்டால் பழையபடி எட்டாம் வகுப்பு, பி பிரிவு.

வேடிக்கை என்னவென்றால், அவன் கணக்கு வாத்தியார். ஒன்பது வருட சர்வீஸ்.

அவனைக் கவிழ்த்தது ஒரே ஒரு வகைக் கேள்விதான். இரண்டு அளவுகளைக் கொடுப்பார்கள். முதலாவது பெரிதா, இரண்டாவது பெரிதா, இரண்டும் சமமா என்று சொல்ல வேண்டும். நான்காவதாகவும் ஒரு விடை உண்டு. கொடுத்த விவரத்தை வைத்துச் சொல்ல முடியாது.

அந்த நான்காவதைத் தொட மாவுலிக்குக் கை வரவில்லை. அவன் வகுப்பில் "சொல்ல முடியாது சார்" என்ற பிள்ளைகள் எல்லாம் வெயிலில் முட்டி போட்டிருக்கிறார்கள். இப்போது போய் தானே அதைச் சொல்வதா?

அதனால் அகோஃபா ஒரு வாரமாக இந்த வகைக் கேள்விகளை மட்டுமே அவனுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கருவாட்டுக்கடை மெர்சி அக்கா மடியில் புத்தகம் விரிந்திருந்தது. மறுநாள் ஒரு கல்யாணத்துக்குப் போவதற்காகப் பின்னிக்கொள்ள வந்தவள். பாதித் தலை சடை, பாதித் தலை புதர். போனில் நேரம் பார்த்துச் சொல்லும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு எண்ணோட வர்க்கம், அதே எண்ணோட கனம். எது பெருசு?" என்று அகோஃபா படித்தாள்.

"கனம்" என்றது டிரையர்.

"அந்த எண் அரையா இருந்தா?"

"அரையெல்லாம் ஒரு எண்ணா? நான் மரியாதையான எண்ணா நெனச்சுக்கிட்டேன்."

தப்பு. இன்றைக்கு அது பதினேழாவது.

மெர்சி அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன் வாத்தியாரே, என் கூடையில மீன் ஜாஸ்தியா, எதிர்க்கடைக்காரி கூடையில ஜாஸ்தியா? சட்டுனு சொல்லு பாப்போம்."

மாவுலி டிரையரிலிருந்து தலையை உருவினான். "இருங்கக்கா, போய் எண்ணிட்டு வந்துடறேன்."

செருப்பைக்கூடத் தேட ஆரம்பித்துவிட்டான். இருவரும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து அமுக்கி, தலையை மறுபடி உள்ளே தள்ள வேண்டியிருந்தது.

அகோஃபா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்தபோது மனசு கனத்தது.

மூன்று வருடப் பழக்கம். ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து அவள் அப்பா வீட்டுக் கதவைத் தட்டிப் பெண் கேட்பது பற்றி அவன் இதுவரை வாய் திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. தேர்வுக்கு முன்னால் கேட்டால் போகிறவன் காலைக் கட்டினாள் என்ற பேர் வரும். தேர்வுக்குப் பிறகு அவன் பெட்டி கட்டிக்கொண்டிருப்பான்.

மெர்சி அக்காவின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, புத்தகத்தை மூடினாள். கண்ணாடியில் மெர்சி அக்காவின் புருவம் உயர்ந்தது. அகோஃபா உதட்டில் விரல் வைத்தாள்.

"அடுத்தது. ஒருத்தன் வெளிநாடு போறான். இருபத்துநாலு மாசப் படிப்பு. ஊர்ல ஒருத்தி அவனுக்காகக் காத்துட்டிருக்கா. முதல் அளவு, அவன் படிக்கிற மாசம். ரெண்டாவது, அவ காத்திருக்கிற மாசம். எது பெருசு?"

டிரையருக்குள் "இருபத்துநாலு... இருபத்துநாலு..." என்று முணுமுணுப்பு கேட்டது.

சமம் என்று சொல்லிவிடுவான் என்றுதான் அகோஃபா நம்பினாள். புத்தகக் கணக்குப்படி தப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும். பதினேழு தப்போடு பதினெட்டாவதாக இதையும் சொல்லிவிடு, கடவுளே, அவனைச் சொல்ல வை என்று வேண்டிக்கொண்டாள்.

"இருபது நொடி" என்றாள் மெர்சி அக்கா, மெல்ல.

"சொல்ல முடியாது!" மாவுலி அலறினான். "நாலாவது! படிப்பு எத்தனை மாசம்னு மட்டுந்தான் குடுத்திருக்கான். அவன் திரும்பி வருவான்னு எங்க குடுத்திருக்கு? அங்கதான் பொறி வெச்சிருக்கான், பாத்தியா?"

எழுந்த வேகத்தில் டிரையரில் மண்டை இடித்தது. அதையும் பொருட்படுத்தாமல் இரண்டு சுற்று ஆடினான். மெர்சி அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவள் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தரையைப் பார்த்தாள்.

"சரிதான?"

"சரிதான்" என்றாள் அகோஃபா. குரல் நன்றாகத்தான் வந்தது.

வாழ்க்கையில் முதன்முதலாகப் பிடிபட்ட நான்காவது விடை. பக்கத்து ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு வைக்காமல் விடலாமா? மெர்சி அக்காவின் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு, பென்சிலைத் தயாராகப் பிடித்தபடி, அந்தக் கேள்வியைப் பக்கம் பக்கமாகத் தேட ஆரம்பித்தான்.